நுரை காயும் முன்

பத்து நிமிடம் என்று போட்டிருக்கிறது போத்தலில்.
தேய்த்து, ஊறவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர்.
ஒன்பதில் கழுவினால் கழுவாததற்குச் சமம்
என்றார் டொக்டர் ஓஸ்டர்காம்ப்.

குளியல் தொட்டிக்குள் ஊடோ
என்னைப் பார்க்காமல் குழாயையே பார்த்தபடி.
பெயர் நாங்கள் வைத்ததல்ல,
காப்பகத்திலிருந்து பெயரோடுதான் வந்தான்.
ஊடல் கொள்பவன் என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன்.
செவ்வாய், வியாழன், ஞாயிறு
பொருள் சரியாகத்தான் இருக்கிறது.

வயிறெல்லாம் வட்டம் வட்டமாய் உரிந்த தோல்,
நனைந்த கோப்பையைத் தூக்கிய பிறகு
மேசையில் கிடக்கும் தடம் போல.
ஓரத்தில் பொருக்கு. நடுவில் சூடு.
கையுறைக்கு மேலாலும் தெரிகிற சூடு.

மார்கழியில் மூன்று வாரக் குளிசை தந்தார்கள்.
பதினோராம் நாள் சொறிச்சல் நின்றது.
நானும் நிறுத்தினேன்.
மிச்சத்தை லாச்சிக்குள் வைத்தேன்,
காசு கொடுத்து வாங்கியது.
மாசியில் திரும்ப வந்தபோது
அந்த மிச்சத்தையே பாலாடைக்கட்டிக்குள் பொதிந்து கொடுத்தேன்.
இதைத் தவயோகனிடம் சொல்லவில்லை.
டொக்டரிடமும் சொல்லவில்லை.
நுரையிடம் சொல்கிறேன்.

பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து அனுப்பினார்கள்.
ஐந்தாம் நாள் வந்தது தாள்.
மருந்துப் பெயர்கள் கீழ்நோக்கிப் போக
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஆர்.
எதிர்க்கிறது, கேட்காது என்று அர்த்தமாம்.
எனக்கு அது எங்கள் ஊர்க் கேள்வியாய்க் கேட்டது:
ஆர்? ஆர்? ஆர்?
ஆர் பாதியில் விட்டது?

ஆகக் கீழே ஒரே ஒரு எஸ்.
அதைத் தாருங்கள் என்றேன்.
டொக்டர் கையுறையைக் கழற்றி மூடிபோட்ட வாளிக்குள் போட்டார்.
'அது இருக்கட்டும்.
மனிதருக்கு மிஞ்சியிருக்கிற கதவுகளில் அது ஒன்று.
இவனுடைய கிருமி தோலில் இருக்கிறது.
தோலில் வைத்தே அதைப் பார்ப்போம்.'

கோபம் வந்தது.
டிராம் தரிப்பு வரைக்கும் கோபத்தோடுதான் நடந்தேன்,
இல்லை, இது வுப்பர்தால், டிராம் இல்லை,
ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற ரயில்.
கோபத்தில் ஊரே மறந்துவிட்டது.

பிறகு பதினேழாம் அறை நினைவுக்கு வந்தது.
கதவில் மஞ்சள் அட்டை.
மேலங்கி, முகமூடி, இரண்டு சோடிக் கையுறை
எல்லாம் மாட்டிக்கொண்டுதான்
இரவுகளில் அங்கே நிலம் துடைக்கப் போவேன்.
கட்டிலில் இருக்கும் ஹெர் ப்ரூக்மான்
என் வாயை ஒருநாளும் கண்டதில்லை.
கண்ணால் சிரிக்கிறீர்கள் என்பார்.
அவருக்காக யாரோ பூட்டி வைத்திருக்கிற கதவு.
கோபம் போகவில்லை.
கொஞ்சம் தள்ளியிருந்து இடம் விட்டது.

'ஆறு' என்கிறாள் அபிசனா கதவுக்கு அப்பால்.
முழங்கை மடிப்பில் அவளுக்கு எக்ஸிமா,
கிட்ட விடுவதில்லை.
மணி பார்ப்பது அவள் வேலை.

படுக்கை விரிப்பு அறுபது பாகையில் சுழல்கிறது.
கிளினிக்கில் எங்களுக்கு எப்போதும் கடைசி நேரம்,
வாசலில் நின்று ஃபோன் பண்ண வேண்டும்.
கீழ்வீட்டுக் கட்டைக்கால் நாய்
படிக்கட்டில் இவனைக் கண்டு வால் ஆட்டும்.
கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பேன்.
ஊடோ என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பான்.
அதற்கு எந்த மொழியிலும் என்னிடம் பதில் இல்லை.

'எட்டு.'
இடுப்பெலும்புக்குக் கீழே,
போன ஞாயிறு வழுவழு என்றிருந்த இடத்தில்
விரலுக்கு ஏதோ தட்டுப்படுகிறது.
பொருக்கு என்று நினைத்தேன்.
இரண்டாந்தரம் தடவினேன்.
மயிர். தவயோகனின் சனிக்கிழமைத் தாடைபோலச் சொரசொரப்பு.
சொல்லவில்லை, சொன்னால் அபிசனா உள்ளே ஓடிவந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி காட்டவேண்டும்.
லாச்சியில் கிடந்த வெறும் குளிசைத் தகட்டை
எடுத்துக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.
மேசையில் வைப்பேன்.
அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாது.

'ஒன்பதரை அம்மா, போதும்தானே?'
இல்லை.
என் கால் மரத்துவிட்டது, அவனுக்கும் குளிர்,
இல்லை.

'பத்து!'
நான் குழாயைத் திறக்குமுன்
ஊடோ முழு உடம்பையும் சிலிர்த்தான்,
சுவர், கண்ணாடி, என் வாய் எல்லாம் நுரை.