ஆறாம் பக்கம்

பன்னிரண்டு படங்கள், ஒன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு.
பதிப்பகத்து ஞானதுரை போனில் சொன்னார்:
நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு.
ரத்தம் வேண்டாம், பல் வேண்டாம்,
சிங்கம் தூங்கட்டும்,
கோலியாத்தின் தலை கழுத்திலேயே இருக்கட்டும்.

சரி என்றேன். ஐந்தாம் தேதி வாடகை.

லிங்கராஜபுரத்தில் மேம்பாலம் இறங்குகிற இடத்தில்
தையல்கடைக்கு மேலே என் அறை.
பிஸ்கட் நிறச் சிங்கங்கள் நாலு வரைந்தேன்.
யோனாவுக்கு மீன் வயிற்றில் ஒரு ஜன்னல் வைத்தேன்,
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறாவது படத்தில் நின்றுபோனேன்.

சகேயு. குள்ளன். வரி வாங்குகிறவன்.
கூட்டத்துக்குப் பின்னால் எம்பி எம்பிப் பார்த்துவிட்டுக்
காட்டத்தி மரத்தில் ஏறினவன்.
காட்டத்தியை நான் கண்டதில்லை,
ஞாயிறு ஞாயிறாகப் பெயரைக் கேட்டதோடு சரி.

ஜன்னலுக்கு வெளியே ஓர் அத்தி நின்றது.
சாதா அத்தி. அடிமரத்திலேயே கொத்தாகக் காய்க்கும்.
கீழே பைக் நிறுத்துகிறவர்கள்
திட்டிக்கொண்டே சீட்டைத் துடைப்பார்கள்.
அதைக் கொண்டுபோய் எரிகோவில் நட்டேன்.
சகேயுவுக்குச் சிவாஜிநகர் பஸ் கண்டக்டரின் முகம்:
கக்கத்தில் தோல்பை,
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டு,
மீதிச் சில்லறை தராத உதடு.

எப்சிபா தையல்கடைக்காரியின் மகள்.
சனிக்கிழமைகளில் என் மேஜைக்கு அடியில் அவள் வீடு.
வெளியே வந்து, வண்ணம் காயுமுன் பார்த்தாள்.
"இது இருநூத்திப் பதினாலு."
"எது?"
"மரம்."

குனிந்து பார்த்தேன்.
மாநகராட்சிக்காரர்கள் மஞ்சள் பெயின்டில் எழுதிப்போன எண்
என்னைக் கேட்காமலே
பட்டையின் வெடிப்போடு வெடிப்பாக வந்திருந்தது.

"வெட்டக் கூடாதுன்னுதானே மேல ஏறி உக்காந்திருக்கான்?"

இல்லை என்று முழுக்கதையும் சொன்னேன்.
கீழே வந்தவர் அண்ணாந்து பார்த்ததை,
பெயர் சொல்லிக் கூப்பிட்டதை,
இறங்கு, இன்னிக்கு உன் வீட்டில்தான் என்றதை.
கட்டைவிரலை வாயிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.
பிறகு எடுத்தாள்.
"அவன் இறங்கினப்புறம் வெட்டிட்டாங்களா?"

வேதத்தில் அவன் வீடு இருக்கிறது, சொத்தில் பாதி இருக்கிறது,
ஏமாற்றியதற்கு நாலு மடங்கு இருக்கிறது.
மரத்தைப் பற்றி அப்புறம் ஒரு வரி இல்லை.
தெரியாது என்றேன்.

ஞானதுரைக்குத் தெரிந்திருந்தது.
"எரிகோவில் ஏதும்மா நம்பர்?
குள்ளத்தையும் கொஞ்சம் குறைங்க."
மஞ்சளின் மேல் பழுப்பு பூசினேன், இரண்டு முறை.

நவம்பரில் ஒரு செவ்வாய் இரவு லாரி வந்தது.
காலையில் மேஜைமேல் அவ்வளவு வெளிச்சம்.
சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது:
கடைசி இரண்டு படங்களும் நன்றாக வந்தது
அந்த வெளிச்சத்தில்தான்.

ஜனவரியில் புத்தகம் வந்தது, எனக்குப் பத்துப் பிரதி.
ஒன்றை எப்சிபாவிடம் கொடுத்தேன்.
சிங்கங்களைத் தள்ளினாள், மீனைத் தள்ளினாள்,
ஆறாம் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.
எண் இருந்த இடத்தை
நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தாள்.
வழவழக் காகிதம், ஒன்றும் உரியவில்லை.

"இன்னும் மேலதான் இருக்கான்."
"ஆமா."

அவன் காதருகே குனிந்தாள்.
மரம் வெட்ட வந்தவர்கள் பேசிய கன்னடத்தில் சொன்னால்தான்
அவ்வளவு உயரத்துக்குக் கேட்கும் என்பதுபோல
இளிய பேடா என்றாள்.
இறங்காதே.
இளிய பேடா, இளிய பேடா.

ஏழாம் பக்கத்தில் விருந்து.
வாழையிலையில் நான் பார்த்துப் பார்த்து வரைந்த
வஞ்சிர மீன் குழம்பு, ஆவி பறக்க.
திருப்பப் போனேன்.
விடவில்லை, முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது.