எந்தப் போர் என்ற கட்டம்

ஓய்வூதியப் படிவத்தில் ஒரு கட்டம்:
எந்தப் போர்?
ஓரின் மாலக் பேனாவை இருமுறை உதறினார்.
‘கொதிகலன்’ என்று எழுதினார்.
பாங்கோரிலிருந்து அது திரும்பி வந்தது
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியோடு.

போர் எதுவும் இல்லை.
நங்கூரமிட்ட கப்பல். செவ்வாய்க்கிழமை.
மேல்தளத்தில் யாரோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்க
கீழே ஒரு குழாய் வாய் பிளந்தது.
வெள்ளையாய் வந்ததாமே என்பார்கள்.
நிஜ நீராவிக்கு நிறம் கிடையாது,
சற்றுத் தள்ளிப் போய்த்தான் வெளுக்கும்.
இதை அவர் சொன்னது ஒரே தடவை,
அம்மாவிடம்,
கூவுமுன் கெட்டிலை இறக்கச் சொல்லிவிட்டு.

கதவுக்கு அப்பால் இரண்டு பேர்.
“ஒருவன் காசிமிர். ஒன்றரை டாலர் பாக்கி வைத்திருந்தான்,
அதனால்தான் உள்ளே போனேன்”
என்று விருந்துகளில் சொல்வார். சிரிப்பார்கள்.
இன்னொருவனைப் பற்றி விருந்தில் பேச்சில்லை.

ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு
வால்வைத் திருகி மூடிய கைகள்.
ரேகை என்று ஒன்றும் மிஞ்சவில்லை.
ஈஸ்ட்போர்ட் சந்தையில் கைபார்க்கிறவள்
ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு
காசைத் திருப்பிக் கொடுத்தாள்.

பதக்கம் நூல்கண்டுப் பெட்டியில் கிடந்தது.
அதன் ஐந்து முனைகளைச் சுற்றிப் பென்சில் ஓட்டி
நான் நட்சத்திரம் வரையக் கற்றேன்.

லூபெக் மத்திமீன் ஆலையில் அவருக்கு உப்புப் பக்கம் வேலை,
வேகவைக்கும் பக்கம் அல்ல.
முப்பத்தொன்றாம் வருடம், நவம்பர்,
ஆவிப்பெட்டியில் ஒரு மூட்டு சீறியது.
முதலில் வெளியே ஓடியவர் அப்பா.
மீன் வெட்டும் பெண்களை முழங்கையால் தள்ளிக்கொண்டு
படகுத்துறை நுனிவரை ஓடி
அதற்கு மேல் கடல் என்பதால் நின்றார்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
மிசஸ் ஃபிக்கெட் மட்டும் அவர் தொப்பியை எடுத்துவந்து
செதில் தட்டி நீட்டினாள்.

மறுநாள் ஆறு மணிக்கு
அதே உப்புத்தொட்டி, அதே ஆள்.

அன்றிரவு படிவத்தை மறுபடி எடுத்தார்.
கேள்விக்குறியின் பக்கத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில்
நுணுக்கி எழுதினார்:
லெமுவேல் டாகெட், வயது பத்தொன்பது.
தபாலில் போட்டது நான்தான்.
பதில் இல்லை.

காசிமிர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
பஃபலோவிலிருந்து ஒன்றரை டாலர் அனுப்புவான்.
அப்பா உறையைக்கூட மாற்றாமல்
முகவரியை மட்டும் அடித்துத் திருத்தி
திருப்பி அனுப்புவார்.
பாக்கி இருக்கட்டும் என்பார்.