அரை அங்குலம்

முதலில் சொன்னது சப்பாத்திக் கட்டை.
மேடையில் வைத்தால் உருண்டுபோய்ப்
பின்சுவரை முட்டி நிற்கும்.
என் கைதான் சரியில்லை என்று
மூன்று மாதம் போனது.

பிறகு குளியலறைக் கதவு.
மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று
குணாளன் விளிம்பைச் சீவினார்.
வெயில் வந்தும் பூட்டவில்லை,
இன்னும் சீவினார்.
கீழே பல்லி நுழைகிறது,
மேலே இன்னும் உரசுகிறது.

ஜன்னல் மூலையிலிருந்து
படிப்படியாய் இறங்கிய விரிசலுக்குச்
சிமெண்டு பூசிச் சாயம் அடித்து
மேலே நாட்காட்டி மாட்டினார்.
தைப்பூசம் வரை தாங்கியது.
சித்திரையில் நாட்காட்டிக்கு வெளியே
ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"கண்ணாடித் துண்டு ஒன்னு குறுக்கே ஒட்டு.
உடைஞ்சா வீடு நகருது.
உடையலன்னா உன் மனசு"
என்றான் ஊத்தான் மெலிந்தாங் ஹார்ட்வேர் கடை லியோங்.
பதினோராம் நாள், இரவு இரண்டு மணி,
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
முனையில் திரும்பும் நேரம்
டிக் என்றது.
அவர் எழவில்லை.
விழித்துத்தான் இருந்தார்.

ஆ சூன் வந்து
தண்ணீர்க் குழாயால் மட்டம் பிடித்தார்.
ஐம்பது காசால் தரையைத் தட்டிக் கேட்டார்.
"வீடு இறங்கலை. குசினி மட்டும்தான்"
என்றார் எஸ்டேட் தமிழில்.

முன்வீட்டுக்குக் கீழே கான்கிரீட் தூண்.
சேமநிதிப் பணத்தில் நாங்கள் நீட்டிய குசினிக்கு
பக்காவ் கட்டை, அதுவும் குட்டை.
அடியில் பஞ்சு மாதிரிக் கறுப்பு மண்.
மறுநடவுக்காக எஸ்டேட்டில்
பாரிட்டை ஆழமாய் வெட்டிய வருஷம்
தண்ணீர் அந்தப் பக்கம் போய்விட்டது.
மண் இளைத்தது.
இறங்கிய குசினி
கம்பியால் பிணைத்த முன்சுவரையும் கூடவே இழுத்தது.

"கம்பி யாரு கட்டினது?"
பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி
குணாளன் கையைத் தூக்கினார்.
விட்டுப் போகக் கூடாதென்று
இரட்டையாய்க் கட்டிய மனுஷன்.

முதல் வேலை அதை அறுப்பது.
ரம்பம் சுவரில் இறங்கியபோது
அவர் வெளியே போய்
துடைத்த மோட்டாரையே துடைத்தார்.
பிறகு குழிகள், ஒன்று விட்டு ஒன்று.
ஒரே நாளில் எல்லாம் தோண்டினால்
நிற்பதும் உட்கார்ந்துவிடுமாம்.
லொம்போக்கிலிருந்து வந்த ஹம்ஸா
மார்பளவுக் குழியில் நண்டாய் ஒருக்களித்துத் தோண்டினான்.
கெட்டி மண் தட்டும்வரை
ஒன்றின் தலையில் ஒன்றாய் இரும்புக் குழாய் போனது.
ஒவ்வொன்றும் என் ஒரு மாதக் கூட்டுப் பணம்.

ஜாக்கி வைத்துத் தூக்க முடியாதா என்றேன்.
"தூக்கினா புதுசா உடையும்.
இறங்கினது இறங்கினதுதான்.
இனிமே இறங்காம நிறுத்தலாம்."

இப்போது வீட்டுக்கும் குசினிக்கும் நடுவே
அரை அங்குல இடைவெளி,
இழுத்தால் இழுபடும் பசை அடைத்தது.
புதுக் கண்ணாடி நாலு மாதமாய் முழுசாக இருக்கிறது.
குணாளன் தினமும் பார்க்கிறார்,
பார்க்காத மாதிரி.

சப்பாத்திக் கட்டை உருளத்தான் செய்கிறது.
அதற்கு ஈரத்துணி மடித்து
முட்டுக் கொடுத்திருக்கிறேன்.