அரைப்பேர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
பேக்கரி வாசனை ஏறிவரும் இரண்டாம் மாடியில்
நானும் திரவியநாதனும் எழுதினோம்
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வரிகள்.
மழை எவ்வளவு, இலையில் ஒட்டிய நீர் எவ்வளவு,
வெறும் சாக்கு எவ்வளவு என்று
தராசுக்குப் புரியவைக்கும் வரிகள்.
நானூற்றுப் பன்னிரண்டு சாக்குக் கொழுந்தைத்
துணியில் ஒற்றித் திரும்ப நிறுத்து,
மூன்று மாதம் மூக்கொழுகி எடுத்த கணக்கு.

கொழும்பு முகவர் அபேகோன்
ஆங்கிலத்தில் பதில் போட்டிருந்தார்.
தமிழில் படித்துப் பார்த்தேன்,
அப்போதாவது இளகுமா என்று.

அறுபத்திரண்டாம் பிரிவு.
கணித முறை கண்டுபிடிப்பு ஆகாது.
வணிகம் நடத்தும் விதி ஆகாது.
முழுக்க மனதுக்குள் செய்யும் செயல் ஆகாது.
விளையாட்டு விதியும் ஆகாது.
(தாயக்கட்டையும் நாங்களும் ஒரே பந்தியில்.)
எழுதிய வரிகளுக்கோ பதிப்புரிமை உண்டு,
கவிதைக்கு இருப்பதுபோல.
வரியைத்தான் திருடக்கூடாது.
எண்ணத்தை எடுத்து
வேறு வரியில் எவரும் எழுதிக்கொள்ளலாம்.

அபேகோன் நல்ல மனிதர். போனில் வழி சொன்னார்:
"இரும்பை முன்னுக்கு வையுங்கள், தங்கச்சி.
ஒரு தராசு. தராசில் ஒரு தட்டு.
தட்டின் கீழே ஓர் உணரி. பக்கத்தில் ஒரு மழைமானி.
அப்படித் தொடங்குங்கள்."
கணக்கு எங்கே வரும், சேர்?
"எட்டாவது வரியில்.
'அவ்வாறு அமைக்கப்பட்ட' என்று ஒரு சொல் போடுவோம்,
அதற்குள் இருக்கட்டும்."

படிவத்தில் ஒரு கட்டம்: கண்டுபிடித்தவர் பேர்.
எங்கள் மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
தராசுக்கு முழுப்பேர் கிடைக்கலாம்,
கணக்குக்கு அரைப்பேரும் விழாது.

பத்தாம் நம்பர் மலையில்
கணக்கப்பிள்ளை குணசீலன் வானத்தைப் பார்ப்பதில்லை.
தூறலோ, அடைமழையோ,
"தண்ணிக்கு ரெண்டு" என்று கழித்து எழுதுவார்.
முழுக்க மனதுக்குள் செய்யும் செயல்.
அது கண்டுபிடிப்பா என்று
எவரும் எந்தப் பிரிவையும் புரட்டியதில்லை.

சனிக்கிழமை மழைமானியைக் கழற்றப் போனேன்.
நிறுவை வரிசையில் புஷ்பராணி.
நானூற்றுப் பன்னிரண்டு சாக்குக்கும்
துணி பிழிந்து தந்தவள்.
முள் பதினாலில் நின்றது.
குணசீலன் பன்னிரண்டு என்றார்.

"இந்தத் தூத்தலுக்குப் பத்து கிலோவுக்கு அறநூறு கிராம்.
பதினாலுக்கு எண்ணூத்தி நாப்பது.
சாக்கையும் சேத்தா ஒண்ணேகால் கூட வராது.
ரெண்டு எங்கயிருந்து வந்துச்சு?"

பின்னால் நின்ற செபமாலை
தன் சாக்குக்குச் சொன்னாள்.
அதற்கும் பின்னால் ஒருத்தி விரலை மடக்கினாள்,
பிழையாக மடக்கி, மறுபடி தொடங்கினாள்.
வயர் இல்லை, திரை இல்லை.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வரிகளில்
ஒன்றைக்கூட அவர்கள் படித்ததில்லை.

குணசீலன் பேனையை உதறினார்.
மை வராததுபோல இன்னொரு தரம் உதறினார்.
பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.
தூறல் விட்டிருந்தது.
சாக்கின் மூலையிலிருந்து
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
திரவியநாதன்தான்.
எட்டாவது வரியில் என்ன போட என்று
காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.