ஸ்டோர் ரூம், பத்துக்குப் பதினொன்று

புதுப்பாளையம் வீட்டுக்குத் தெற்கே
பதினாறு அடி அகலம், முப்பத்தொரு அடி நீளம்
சும்மா கிடக்கிறது.
பலாமரம் நின்ற இடம்.
மரம் என்ன ஆச்சு என்று கேட்டால்
தானே விழுந்தது என்போம்.
வெளியூர்க்காரர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.
கடலூர்க்காரர்கள்
எந்தப் புயல் என்று கேட்பதில்லை.

மகனின் கட்டம் போட்ட நோட்டில்
நடுத்தாளை உருவி
கட்டத்துக்கு ஓர் அடி என்று வரைந்தேன்.
அடுப்படியை நீட்டி, சாப்பிட ஒரு இடம் விட்டு,
மீந்த மூலையில்
வாஷிங் மெஷின், சைக்கிள், துணி காயக் கொடி.

இவர் பென்சிலை வாங்கி
சைக்கிளை அழித்தார்.
"இங்க ஒரு ஸ்டோர் ரூம். பத்துக்குப் பதினொன்று."
"எதை ஸ்டோர் பண்ண?"
"அரிசி... தேங்காய்..."
வருஷத்துக்கு நாம் வாங்குவது மூன்று மூட்டை.
சொல்லவில்லை.

மறுநாள் அரிசிக்கு
கிழக்கே ஒரு ஜன்னல் வந்தது.
புதன்கிழமை, நாலுக்கு ஏழில் பாத்ரூம்.
வெள்ளிக்கிழமை ராத்திரி
நெய்வேலியிலிருந்து போன்.
நாலு நிமிஷம் பேசினார்கள்,
அதில் மூன்று நிமிஷம் மழையைப் பற்றி.
வைத்துவிட்டு
டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்
தெற்குப் பக்கம்
மறுபடி அளந்தார்.
அளந்த இடம்தான்.

என்ஜினியர் பெனடிக்ட் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஸ்டோருக்கு எதுக்கு சார் அட்டாச்டு பாத்ரூம்?"
இவர் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார்.
"அரிசிக்கு வேர்க்கும்ல சார்" என்றேன்.
பெனடிக்ட் சிரித்தார்.
இவர் சிரிக்கவில்லை.

அடுத்து உயரம்.
கெடிலம் உள்ளே வந்த வருஷம்
ஹால் சுவரில் போட்ட பென்சில் கோடு
என் முழங்காலுக்கு இரண்டு விரல் மேலே இருக்கிறது.
பெயின்ட் அடிக்கும்போதும் அதை மட்டும் சுற்றி அடிக்கச் சொன்னோம்.
"புதுசுக்கு மட்டும் ரெண்டடி ஏத்தலாம். ஆனா
ஹால்லேர்ந்து மூணு படி ஏறணும்.
கிராவல் நாலு லோடு கூட ஆகும்."
"ஸ்டோர் நனையக் கூடாது" என்றார் இவர்,
குரல் என்னவோ போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை
சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டார்கள்.
தரையில் போட்டால் எல்லா அறையும் சின்னதாகத் தெரியும்,
பயப்படாதீங்க என்றார் கொத்தனார்.
அன்றைக்குப் பார்த்து வந்தாள் அஞ்சலாட்சி,
இவர் தங்கை.
ரெண்டு நாளைக்கு என்று வருபவள்
இந்த முறை ஒரு மணி நேரத்துக்கு என்று வந்திருந்தாள்,
பெரிய பையோடு.

"கண்ணாடி எங்கடி?"
"உடைஞ்சிருச்சு அண்ணி. தானே விழுந்து."

நான் கடலூர்க்காரி.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு
கோடுகளைப் பார்த்தாள்.
நாங்கள் எல்லோரும் காலையிலிருந்து
சுவர்களை மிதித்துத்தான் நடந்துகொண்டிருந்தோம்.
அவள் சுற்றிக்கொண்டு போய்
வாசலுக்கு விட்டிருந்த மூன்றடி இடைவெளி வழியாக
உள்ளே போனாள்.
நடுவில் நின்றாள்.
ஜன்னல் வரப்போகும் பக்கம் திரும்பினாள்.
அங்கே இப்போதைக்கு
பக்கத்து வீட்டு ஏசியின் பின்புறம்.

"இது என்ன ரூம் அண்ணி?"
"ஸ்டோர் ரூம்."
"ஓ."
செருப்பைக் கழற்றி
மண்ணில் வெறுங்காலை வைத்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து
"ஸ்டோர் ரூமுக்குத் தாழ்ப்பா வெளியிலதான வைப்பாங்க?"

கொத்தனார் ஆமாம் சொல்ல வாயெடுத்தார்.
"உள்ள" என்றேன்.

சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள்.
ஆறு மணி பஸ்ஸுக்கு இவர்தான் கொண்டுபோய் விட்டார்.
பையை மறந்துவிட்டாள் என்று
நான் போன் செய்தேன்.
"இருக்கட்டும் அண்ணி" என்றாள்.

பிளானில் கதவு என்றால் கால் வட்டம்.
ஜன்னலுக்கு ரெட்டைக் கோடு.
தாழ்ப்பாளுக்கு ஒரு குறியும் இல்லையாம்,
பெனடிக்டிடமே கேட்டுவிட்டேன்.
பேனாவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.
பென்சிலில் வைத்தால் இவர் அழித்துவிட்டு
இன்னும் பெரிதாக வைப்பார்.

பை இப்போது ஹாலில், ஸ்டூல் மேல்.
அந்தக் கோட்டுக்கு மேலே.