பயணத்தின் நோக்கம்

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
டாக்டர். மருந்துக் கடை. டயாலிசிஸ்.
நான்காவதை வட்டார அலுவலகம் அச்சடிக்கவில்லை.

"முழங்கால்னு எழுது" என்றாள் யூஜினியா,
வயது எண்பத்து நான்கு.
எழுதினேன்.
நீட்டிய என் கையைத் தள்ளிவிட்டு
வேனின் இரண்டு படியையும்
ஒரே மூச்சில் ஏறியது அந்த முழங்கால்.

சஸ்காட்செவனில் கோதுமை அறுத்தபின்
சாலையின் இரு பக்கமும் பார்க்க எதுவுமில்லை.
எண்பத்தாறு கிலோமீட்டர்.
பேருந்து நின்றுபோய் ஏழு வருடம்;
நிறுத்தத்தின் கம்பம் மட்டும் நிற்கிறது,
காணாமல் போன நாய் ஒன்றின்
வெளுத்த படத்தைச் சுமந்துகொண்டு.

டாக்டருக்குப் பதினோரு நிமிடம்.
முழங்காலைத் தட்டிப் பார்த்தார்.
"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார்,
சிரிக்காமல்.
"இடப்பக்கம் திருப்பு" என்றாள் என்னிடம்.

இடப்பக்கம் மாட்டு ஏலக் கொட்டகை.
மூன்றாவது பலகையில் அவள் இடம்.
காகிதக் கோப்பையில் தேநீர்,
மடியில் சும்மா ஓர் எண் அட்டை.
தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல்
ஏலக்காரன் பொழிய
அவள் உதடும் கூடவே ஓடும்.
விற்க அவளிடம் ஒரு குளம்புகூட மிச்சமில்லை.
"இன்னைக்கு என்ன விலைன்னு தெரியாம
செத்துப்போக முடியுமா?" என்பாள்.

நவம்பரில் ஒரு வியாழன்
இருமல் வந்தது; கை உயர்ந்தது,
கையோடு அட்டையும்.
சுத்தியல் விழுந்தது.
காது கிழிந்த கறுப்புக் கன்று ஒன்று
அவள் பெயரில்.
தவறென்று சொல்லிவிடலாம் என்றேன்.
"விலை மலிவுதான்" என்றாள்.

விதி ஒன்பது: பயணிக்கு ஒரு கைப்பை,
மடக்கு நடைவண்டி ஒன்று.
கன்றைப் பற்றி விதிக்கு வாயில்லை.
நான் கையைப் பிசைந்து நிற்கையில்
தொப்பிகள் திரும்பின.
"அந்தப் பக்கந்தான் போறேன், ஏத்திக்கிறேன்."
ஒருவர். இன்னொருவர்.
மூன்றாவதாக லெமுவெல், பச்சை டிரக்.

கன்றுக்கு மூன்று வண்டி.

யூஜினியா மூவரையும் நிதானமாகப் பார்த்தாள்.
"வியாழன்தோறும் அந்தப் பக்கந்தானா?"
"ஆமா."
"என் கேட்டைத் தாண்டித்தானே?"
லெமுவெல் தொப்பியைக் கழற்றினார்,
உள்ளே எதையோ தேடுபவர்போல.

அன்று என் வேன் காலியாகத் திரும்பியது.
முன்னால் பச்சை டிரக்;
பின்தட்டில் கன்று நடுங்கிக்கொண்டு,
முன்கண்ணாடிக்குப் பின்னே
அவள் கை எதையோ விளக்கிக்கொண்டு.

இரண்டு வாரம் கழித்து
வேறொருவரை இறக்கப் போனபோது
டாக்டர் கேட்டார்,
அந்த முழங்கால் எப்படி என்று.

குணமாயிடுச்சு போல, என்றேன்.
படிவத்தில் அதற்கும் கட்டமில்லை.