எடைக்குறைவு

சூலூர் ஏலத்தில் எடுத்த சக்திமான்.
மஞ்சள் உரிந்த இடமெல்லாம்
பட்டாளத்துப் பச்சை.
முப்பது வருஷம் ஓடுதளத்தோரம்
விமானம் எரியக் காத்திருந்து
ஒன்றும் எரியாமலே
கழிக்கப்பட்ட தீயணைப்பு வண்டி.

"தொட்டித் தண்ணி இருக்கட்டும் ஆறுக்குட்டி,
கஞ்சிக்கோட்டு எடைமேடையில
அதுவும் இரும்புதான்."

வாளையாறு தாண்டியதும்
தண்டவாளச் சரிவில் காய்ந்த புல் பற்றி
பஞ்சர் கடையின் டயர்களை
மோப்பம் பிடித்து வந்துகொண்டிருந்தது.

மேட்டில் நிறுத்தி
வால்வைத் திருகினான்.
முதலில் துரு.
பிறகு இரண்டு தவளை.
பிறகுதான் தண்ணீர்.

எடைச்சீட்டில் எண்ணூறு கிலோ குறைவு.
கூலியில் பிடித்துக்கொண்டார் முதலாளி.
பஞ்சர் கடை குஞ்ஞாலி தந்த கட்டன் சாயா
எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மறுநாள் உலைக்கு வெட்டுகிறார்கள்.
கேஸ் கட்டர் பட்டதும்
தொட்டிக்குள் எங்கோ
மிச்சமிருந்த ஈரம்
ஸ்ஸ் என்கிறது.